எழுபத்திரண்டில் ஒரு பங்கு செக்குமேடு

கண்டக்டரிடம் ‘சர்வேயர் வீடு ஸ்டாப்’ என்றுதானே டிக்கெட் கேட்டீர்கள்? காதில் விழுந்தது. ஒரு சின்னத் திருத்தம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? அந்த ஸ்டாப்பில் சர்வேயர் யாரும் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்த வீட்டில் குடியிருப்பவன் நான். பெயர் நாச்சிமுத்து. பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் சொல்லிக்கொடுக்கிறேன். சர்வே என் பாடம் அல்ல. அது அடுத்த அறை.

நகர வேண்டாம் அண்ணா, இடம் போதும். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். பார்க்கத்தான் பெரிது, கனமே இல்லை. பஞ்சு. அரைக் கிலோ பஞ்சு. ஐம்பத்தோரு வயதில் ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சு வாங்கிக்கொண்டு போகிறான் என்றால் அதற்குப் பின்னால் ஓர் அநியாயம் இருக்கும். இருக்கிறது. அந்த அநியாயத்தின் மேல்தான் நீங்களும் நானும் இப்போது உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் பேருந்தைத்தான் சொல்கிறேன். என் கணக்குப்படி இது எங்கள் தெருவுக்குள் போகவே முடியாது.

போகிறது. தினமும் எட்டு தடவை போகிறது. அதுதான் என் வருத்தம்.

அதற்கு முன்னால், உங்கள் மடியில் இருக்கிற அந்த முட்டைத் தட்டு. முப்பது முட்டையா? இறுக்கிப் பிடியுங்கள், இந்த டிரைவருக்கு வேகத்தடை என்றால் இளக்காரம். யாருக்கோ கொண்டுபோகிறீர்கள், நல்லது. முட்டையில் எனக்கு அக்கறை இல்லை. அட்டையில்தான். முட்டை தீர்ந்ததும் அட்டையைக் குப்பையில் போட்டுவிடச் சொல்லாதீர்கள். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, கிழித்து, மைதாப் பசையோடு பிசைந்தால் அதைப்போல் மலை செய்ய வேறு பொருள் கிடையாது. நாமக்கல்லில் பிறந்ததற்கு எனக்குக் கிடைத்த லாபம் அந்த அட்டைதான். ஊர் முழுக்கக் கிடக்கிறது. யாரும் அதில் மலையைப் பார்ப்பதில்லை.

மலை எதற்கு என்றால், டாங்கி ஏறுவதற்கு.

இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை. போர் டாங்கி. ஞாயிறுதோறும் நாங்கள் ஐந்து பேர் டாங்கிப் போர் நடத்துகிறோம். மேசைமேல்தான். இரண்டு டேபிள் டென்னிஸ் மேசைகளை நீளவாக்கில் சேர்த்துப் போட்டு, அதன்மேல் மலை, ஆறு, வீடு, தெரு எல்லாம் வைத்து, விரல் நீளத்துக்கு டாங்கிகளை வைத்து ஆடுவோம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு. நிஜத்தில் எழுபத்திரண்டு அடி என்றால் மேசையில் ஒரு அடி. டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை போட்டுச் சுட வேண்டும். அடிபட்ட டாங்கியின் தலையில் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து வைத்தால் அது புகை. ‘பொம்மை’ என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொல்லவில்லை, உங்கள் முகம் சொல்லிற்று. பொம்மைக்கு அளவு கிடையாது. எங்களுடையது மாதிரி. மாதிரிக்கு அளவு உண்டு. அளவு இல்லாவிட்டால் உலகத்தில் எதுவுமே பொம்மைதான்.

இந்தப் போரெல்லாம் நடப்பது என் மைத்துனன் பட்டறையில். சென்னியப்பன். என் மனைவி வளர்மதியின் தம்பி. லாரிக்குக் கூண்டு கட்டுகிற தொழில். அவன்தான் எங்கள் கழகத்தின் வாகனப் பிரிவு. டாங்கிகளை ஒட்டுவது, வண்ணம் அடிப்பது, மாற்றி அமைப்பது எல்லாம் அவன். கை சுத்தம், அதை நான் மறுக்கவில்லை. புத்திதான் லாரிப் புத்தி. அவனிடம் ஒரு டைகர் டாங்கி இருக்கிறது. ஐம்பத்தேழு டன், ஜெர்மன்காரன் செய்தது. அதன் இரண்டு பக்கமும் கண் வரைந்திருக்கிறான். பின்னால் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியிருக்கிறான், பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம். முன்னால் எலுமிச்சை மிளகாய் கட்டியிருக்கிறான்.

“சென்னியப்பா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் எந்த டைகரில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள்?” என்று கேட்டேன்.

“அதனாலதானுங்க மாமா தோத்தாங்க” என்றான்.

சரி, எலுமிச்சையாவது அளவில் இருக்க வேண்டுமா இல்லையா? நாலரை சென்டிமீட்டர் எலுமிச்சையை எழுபத்திரண்டால் வகுத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் சொச்சம். அவன் கட்டியிருப்பது மஞ்சள் பூசிய கடுகு. கடுகு இரண்டு மில்லிமீட்டர். அதை எழுபத்திரண்டால் பெருக்கினால் நிஜத்தில் ஒரு பூசணிக்காய். ஐரோப்பாவைக் கலக்கிய ஒரு டாங்கியின் மூக்கில் பூசணிக்காய் தொங்குகிறது. அது போதாதென்று, திருஷ்டி கழிந்துவிட்டதாம், அதனால் பகடையில் ஒன்று கூட்டிக்கொள்ளலாமாம். மற்ற மூன்று பேரும் கை தூக்கி அதையும் நிறைவேற்றிவிட்டார்கள்.

என் பதவியைச் சொல்லவில்லையே. நான் வரைபட அதிகாரி. ஒன்பது வருடம். வரைபடம் என்றால் தாளில் வரைவது மட்டுமில்லை. மேசைமேல் நிலத்தையே செய்ய வேண்டும். பிரெஞ்சு கிராமங்கள், ருஷ்ய ஆறுகள், வட ஆப்பிரிக்க மணல் எல்லாம் செய்திருக்கிறேன். எல்லாம் அங்குல சுத்தம். ஆனால் ஒரு குறை. அது சரியா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. எங்களில் பாஸ்போர்ட் இருப்பது ஒருவருக்குத்தான், அவரும் மலேசியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனவர். ஒன்பது வருடம் தப்பே இல்லாமல் வரைந்து, அதில் தப்பே இல்லை என்று ஒரு ஆத்மா சொல்லக் கேட்டதில்லை. அந்த வேதனை உங்களுக்குப் புரியுமோ என்னவோ.

அதனால்தான் விதி பதினான்கை எழுதினேன். நானேதான் எழுதினேன், தடித்த எழுத்தில். போய்ப் பார்க்கக்கூடிய இடத்தின் வரைபடமாக இருந்தால், போட்டி நாள் காலையில் எதிரணித் தலைவர் தாம் விரும்பும் மூன்று இடங்களை நேரில் அளக்கலாம். ஓர் அடிக்கு மேல் தப்பு இருந்தால் வரைபட அதிகாரி ஒரு வருடத்துக்குப் பதவி இழப்பார். இழப்பதோடு விடவில்லை. அந்த ஒரு வருடமும் அவர் பஞ்சு வைக்க வேண்டும். வேறு எதையும் தொடக் கூடாது. டாங்கி அடிபட்டால் பஞ்சு. அடிபடும் வரை சும்மா நிற்க வேண்டும்.

பையைப் பார்க்கிறீர்கள். ஆமாம். அவசரப்படாதீர்கள், வருகிறேன்.

போன தை மாதம். வருடாந்தரப் போட்டி சித்திரை கடைசி ஞாயிறு. சென்னியப்பன் டைகரோடு கிழக்கிலிருந்து வருவான், நான் தடுக்க வேண்டும். ஒரு பிரெஞ்சு கிராமத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வளர்மதி காபி கொண்டுவந்து வைத்தவள், போகாமல் நின்றாள். அவள் அப்படி நிற்க மாட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் என் வரைபடத்தை அவள் குனிந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

“ஏனுங்க, இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஊரை எதுக்கு வரையறீங்க? நம்ம தெருவை வரையலாமில்ல?” என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செக்குமேட்டுத் தெரு! முந்நூற்றுத் தொண்ணூறு மீட்டர். எழுபத்திரண்டால் வகுத்தால் ஐந்து மீட்டர் நாற்பத்திரண்டு. இரண்டு மேசையும் சேர்ந்து ஐந்து மீட்டர் நாற்பத்தெட்டு! அந்தத் தெருவே எங்கள் மேசைக்காகப் பிறந்த தெரு. பதினாலு வருடம் அதில் குடியிருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. எங்கள் விதிப்படி டாங்கி ஒரு சுவரையோ படியையோ இடித்தால் ஒரு ஆட்டம் நிற்க வேண்டும். செக்குமேட்டுத் தெரு அப்போது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு வீட்டுப் படி தெருவில் இருக்கும், அடுத்த வீட்டுக் குளியலறை தெருவில் இருக்கும், எதிர் வீட்டுத் துணி துவைக்கிற கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. ரத்தினாம்பாள் மாவு மில் முன்னால் தெருவின் அகலம் இரண்டு மீட்டர் முப்பத்தைந்து. டைகரின் அகலம் மூன்று மீட்டர் எழுபது. நாற்பத்தொரு இடிப்பு, நாற்பத்தொரு ஆட்டம் அவன் நிற்க வேண்டும். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தே ஜெயிக்கலாம். ஐரோப்பாவில் எந்தப் பொறியாளனும் கட்டாத கோட்டையை எங்கள் தெருக்காரர்கள் அவரவர் வசதிக்குக் கட்டி வைத்திருந்தார்கள்.

வளர்மதி அந்தச் சமயத்தில் ரொம்ப ஒத்தாசை. உடம்பு முடியாத நிலையிலும். அவளுக்கு முட்டி வலி. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், தினமும் மெயின் ரோடு வரை ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். தெருவுக்குள் மினி பஸ் விட வேண்டும் என்று பதினோரு வருடமாக மனு போட்டுக்கொண்டிருந்தாள். ‘தெரு குறுகல், வாகனம் நுழையாது’ என்று பதில் வரும். நான்கூடச் சொல்லியிருக்கிறேன். “உன் மனுவில் வரைபடம் இல்லை, அளவு இல்லை. அளவில்லாத காகிதத்தை யார் மதிப்பார்கள்?” என்று. அது வேறு கதை, விடுங்கள். நம் கதைக்குச் சம்பந்தமில்லாதது.

ஒத்தாசையைச் சொன்னேனே. வெயிலில் நின்று அளக்கிறீர்களே என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை கொண்டுவந்தாள். முதுகில் வெள்ளைப் பட்டை மின்னும், ரோடு போடுகிறவர்கள் போட்டிருப்பார்களே, அது. சென்னியப்பன் பட்டறையில் வாங்கினாளாம். “அளந்த இடம் மறந்துபோயிருமுங்க, சுவத்துல சிவப்புப் பெயின்ட்ல நம்பர் போட்டுக்கங்க” என்று யோசனை சொன்னதும் அவள்தான். பெயின்ட் கொடுத்தது சென்னியப்பன். யோசித்துப் பாருங்கள், எதிரணித் தலைவன்! லாரிக்கு அடிக்கிற பெயின்ட், பத்து வருடத்துக்குப் போகாது. அந்தப் பெருந்தன்மையை நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றில் கைப்பிடி வைத்து, சுற்றை எண்ணுகிற கருவி மாட்டி, உருட்டிக்கொண்டே அளந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் நின்றேன். யாரிடமும் எதையும் நான் மறைக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினேன்.

மாவு மில் ரத்தினாம்பாள் கேட்டாள். “ஏனுங்க சார், எதுக்குங்க என் படியை அளக்கறீங்க?”

“வண்டி போகுமா என்று பார்க்கிறேன்.”

“என்ன வண்டிங்க?”

“ஐம்பத்தேழு டன் வண்டி.”

அந்த அம்மாள் மில்லை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். ஆர்வம். “அத்தாப் பெரிய வண்டி இதுல எப்படிங்க போகும்?”

“சும்மா போகாது, இடித்துக்கொண்டுதான் போகும். உங்கள் படி முதலிலேயே போய்விடும். அதுகூடப் பெரிய விஷயமில்லை. இந்தச் சாக்கடைப் பாலம் தாங்குமா என்பதுதான் எனக்குக் கவலை.”

“எப்பங்க சார் வருது?”

“சித்திரை கடைசி ஞாயிறு, காலை பத்து மணிக்கு. கிழக்கிலிருந்து.”

“தப்பிக்க வழியே இல்லீங்களா?”

“ஏன் இல்லை? எல்லாம் பகடை விழுவதைப் பொறுத்தது.”

“ஏழைங்க வீட்டை வெச்சுப் பகடை ஆடாதீங்க சார்” என்றாள், கண்ணில் தண்ணீரோடு.

“ஏழை பணக்காரர் என்ற வேறுபாடு எங்கள் விதியில் இல்லையம்மா” என்றேன். அதுவும் உண்மை. சுவர் என்றால் எல்லாச் சுவரும் ஒன்றுதான்.

இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அப்புறம் பாருங்கள், தெருவே என்னை மதிக்க ஆரம்பித்தது. சைக்கிளில் போகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு போகிற அர்த்தநாரி வாத்தியார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், பதினாலு வருடம் என்னோடு பேசாதவர், வாசலில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். “நீங்க பாத்துச் செய்யோணும்” என்றார். “பார்த்துத்தான் செய்கிறேன், மில்லிமீட்டர் விட மாட்டேன்” என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. வெயில். வீட்டுக்கு முருங்கைக்காய் வந்தது, தேங்காய் வந்தது, ஒருநாள் நாட்டுக்கோழி வந்தது. டாங்கிப் போரில் ஜனங்களுக்கு இவ்வளவு ஈடுபாடு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நம் ஊரில் ரசனை இல்லை என்று சொல்கிறவர்களை நான் அன்றிலிருந்து நம்புவதில்லை.

வளர்மதியிடமும் எல்லோரும் விசாரித்திருக்கிறார்கள். “என்னக்கா, சார் எதுக்கு அளக்கறாரு? காலேஜ்காரங்ககிட்ட வேலையைக் குடுத்துட்டாங்களா?” என்று. அவள் என்ன சொன்னாளாம் தெரியுமா? “எனக்கென்ன தெரியும். அவரு வேலை விஷயத்தை வீட்டுல வாய் திறக்க மாட்டாரு.” எவ்வளவு அடக்கம் பாருங்கள். போர்த் திட்டம் எதிரிக்குப் போய்விடக் கூடாது என்று தம்பியிடம்கூடப் பேசாமல் காத்தாள்.

சித்திரை முதல் வாரத்தில் மேசை முடிந்தது. நாற்பத்தொரு படி, சுவர், கல், குளியலறை எல்லாம் அட்டையில் செய்து ஒட்டினேன். ரத்தினாம்பாள் மில் வாசலில் சாய்ந்து நிற்கிற துடைப்பம் வரைக்கும். பட்டறையில் வைத்துப் பூட்டிவிட்டு, விடைத்தாள் திருத்தக் கோயம்புத்தூர் போய்விட்டேன். பதினெட்டு நாள் முகாம்.

இதோ, பேருந்து வலது பக்கம் திரும்பப் போகிறது, முட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படித்தான்.

திரும்பி வந்தது போட்டிக்கு முதல் நாள். மெயின் ரோட்டில் வளர்மதியே காத்திருந்தாள், அந்த முட்டியோடு. “தெரு வழியாப் போனா எல்லாரும் நிறுத்திப் பேசுவாங்க, களைப்பா இருக்கீங்க, தோட்டத்து வழியே போயிரலாம்” என்று பின்பக்கமாகவே வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவ்வளவு கரிசனம். நானும் குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி. தரைச் சோதனை. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். ஒன்பது வருடம் காத்திருந்த நாள் இல்லையா? முதல் முறையாக ஒருவன் என் வரைபடத்தையும் நிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறான். சென்னியப்பன் டேப்போடு வந்தான். மற்ற மூன்று பேரும் வந்தார்கள். வாசல் கேட்டைத் திறந்தேன்.

தெருவைக் காணோம்.

தெரு இருந்தது. ஆனால் என் தெருவைக் காணோம். எதிர் வீட்டுத் துவைக்கிற கல் இல்லை. குளியலறை இல்லை. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிந்தது. பதினாலு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கோடியில் ஒரு வேப்பமரம் இருப்பதைப் பார்த்தேன்.

“முதல் இடம் மாவு மில் படிங்க மாமா” என்றான் சென்னியப்பன்.

போனோம். “படி எங்கீங்க மாமா?”

“இங்கேதான்.”

“எங்கீங்க?”

“இங்கேதானடா இருந்தது!”

டேப்பைப் பிடித்தான். நாலு மீட்டர் பத்து. என் வரைபடத்தில் இரண்டு முப்பத்தைந்து. ஓர் அடிக்கு மேல் தப்பா என்றால், ஐந்தே முக்கால் அடி தப்பு.

ரத்தினாம்பாள் ஓடிவந்தாள். அர்த்தநாரி வாத்தியாரும் வந்தார். தெருவே வந்தது. எல்லோர் முகத்திலும் பரீட்சை முடிவு பார்க்க வந்தவர்களைப்போல ஒரு பயம்.

“பாத்துக்கங்க சார், நாங்களே எடுத்துப்போட்டோம். ஒத்தைச் செங்கல் தெருவுல இல்லீங்க. வண்டி தாராளமா வரட்டும்” என்றாள் ரத்தினாம்பாள்.

“நாமளா எடுத்தா செங்கலாவது மிஞ்சும்னு நாந்தான் சொன்னேன்” என்றார் வாத்தியார். “என் காம்பவுண்டு ரெண்டடி உள்ள போயிருச்சு. நீங்க போட்ட சிவப்பு நம்பர் அந்தச் செங்கல்லதான் இருக்குது, எடுத்துப் பத்திரமா வெச்சிருக்கேன்.”

“யார் உங்களை எடுக்கச் சொன்னது? என் வரைபடம் என்ன ஆகும்? உடனே எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திரும்பக் கட்டுங்கள்! படியை அங்கே வையுங்கள்! கல்லை இங்கே போடுங்கள்!” என்று கத்தினேன். தெருவில் நின்று கத்தினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருவரும் அசையவில்லை. வாத்தியார் மெதுவாகச் சிரித்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “சார் நம்மளைச் சோதிக்கறாரு. யாராவது திரும்பக் கட்டுனீங்க, அவ்வளவுதான்.”

“சத்தியமா கட்ட மாட்டோமுங்க சார்” என்று ரத்தினாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அண்ணா, ஒரு வரைபடத்துக்கு இப்படி ஒரு கதி வந்திருக்குமா? நான் அளந்தபோது அது சரி. நான் அளந்ததாலேயே அது தப்பாகிவிட்டது. ஜெர்மனியில் ஒரு கிராமத்தை வரைந்திருந்தால் அவர்கள் சுவரை இடித்திருப்பார்களா? இதை நான் கழகத்தில் முறையாக வாதாடினேன். வரைந்த தேதியில் நிலம் எப்படி இருந்ததோ அதுதான் கணக்கு என்றேன். சென்னியப்பன் விதி பதினான்கை வாசித்துக் காட்டினான். ‘போட்டி நாள் காலையில்.’ தடித்த எழுத்து.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மனசு தாங்காது. பட்டறைக்குப் போனோம். என் கண்ணெதிரில் ரம்பத் தகட்டை வைத்து நாற்பத்தொரு சுவரையும் மேசையிலிருந்து கிள்ளி எடுத்தான். துடைப்பத்தையும். பத்து மணிக்கு டைகர் கிழக்கிலிருந்து புறப்பட்டது. மூக்கில் பூசணிக்காயோடு. நாலே ஆட்டத்தில் தெருவைத் தாண்டிவிட்டது. என் ஆறு பீரங்கியும் போயிற்று. ஆறின்மேலும் பஞ்சு வைத்தது யார்? நான். என் படையின் மேல் நானே பஞ்சு வைத்தேன். அதையும் ஒழுங்காகத்தான் வைத்தேன். பெட்ரோல் புகை கறுப்பு, வெடிமருந்துப் புகை வெள்ளை. கறுப்புக்கு அடுப்புக்கரி தடவ வேண்டும். இது தெரியாமல் கண்டபடி பஞ்சு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் சும்மா விடவில்லை. வீடு வீடாகப் போய்க் கையெழுத்துக் கேட்டேன், ‘மீண்டும் கட்டிக்கொள்கிறோம்’ என்று. ஒருவரும் போடவில்லை. நகராட்சிக்கே ஒரு கடிதம் எழுதினேன். செக்குமேட்டுத் தெருவில் பொதுமக்கள் தம் ஆக்கிரமிப்புகளைத் தாமாகவே அகற்றிவிட்டார்கள், அவற்றை உடனே பழையபடி செய்யுமாறு உத்தரவிட வேண்டும் என்று. பழைய அகலம், புதிய அகலம் இரண்டையும் காட்டி, அளவுகோலோடு வரைபடமும் வைத்தேன். வளர்மதிதான் தபாலில் சேர்த்தாள். அவளுடைய காகிதம் ஒன்றும் இருந்ததாம், தபால்தலை மிச்சமாகட்டும் என்று ஒரே உறையில் வைத்தாள். கடைசியில் என் பக்கம் அவள் ஒருத்திதான்.

அந்தக் கடிதத்துக்கு எனக்கு ஒரு வரி பதில் வரவில்லை அண்ணா. பதிலுக்கு ஆனி மாதம் இந்தப் பேருந்து வந்தது.

மாலை போட்டு, தேங்காய் உடைத்து, வாழைமரம் கட்டிக்கொண்டு வந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சை மிளகாய். அது அளவில்தான் இருந்தது, நான் பார்த்தேன். எல்லோரும் ஏறினார்கள். வளர்மதிக்கு முதல் சீட்டு கொடுத்து உட்காரவைத்தார்கள், ஏனென்று தெரியவில்லை, முட்டி வலி என்பதாலாக இருக்கும். ஸ்டாப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்தபோது அவளைக் கேட்டிருக்கிறார்கள். என் பெயரையா வைத்தாள்? ‘சர்வேயர் வீடுன்னு போடுங்க, அவரு பட்ட பாட்டுக்கு’ என்றாளாம். அன்பில் செய்த தப்பு. திருத்தினால் மனசு வருந்துவாள் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் உங்களைப்போல வெளியாட்களைத் தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

இதோ வந்துவிட்டது, செக்குமேடு. இடது பக்கம் பாருங்கள். மடக்கிற மரப்படி போட்டிருக்கிறதே, அதுதான் மாவு மில். மில்லை மூடியதும் படியை மடக்கி உள்ளே வைத்துவிடுவாள் ரத்தினாம்பாள். என்னைப் பார்த்தால் பகலிலேயே மடக்கிவிடுவாள். பார்த்தீர்களா, மடக்குகிறாள். இரண்டு மீட்டர் முப்பத்தைந்து இருந்த இடம் இது. இந்தப் பேருந்தின் அகலம் கண்ணாடியோடு சேர்த்து இரண்டரை மீட்டர். என் வரைபடப்படி இப்போது நாம் சிக்கிக்கொண்டு நிற்கிறோம்.

நிற்கவில்லை. போகிறது. ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

போகட்டும், சித்திரையோடு தண்டனை முடிந்துவிடும். அதுவரை கை சும்மா இருக்கக் கூடாது என்று வளர்மதி ஒரு யோசனை சொல்லியிருக்கிறாள். அவளுக்கு இப்போதெல்லாம் வரைபடத்தில் பிரியம் வந்துவிட்டது. “பக்கத்துல குட்டைமேடு இருக்குதில்லீங்க, அங்க வளைவு வளைவா, சந்து சந்தா நல்லா இருக்கும், அதை வரையுங்க” என்கிறாள். ஆரஞ்சுச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். சென்னியப்பன் ஒரு டின் பெயின்ட் அனுப்பியிருக்கிறான், இந்தத் தடவை மஞ்சள். இதுவரை யாருக்கும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

என்ன, சிரிக்கிறீர்கள்? குட்டைமேட்டுக்காரரா நீங்கள்! முன்னாலேயே சொல்லக் கூடாதா? நீங்கள் கட்டாயம் ஒரு உதவி செய்ய வேண்டும். உங்கள் ஊரில் நான் அளந்து முடித்த பிறகு யாரும் எதையும் இடிக்கக் கூடாது. ஒரு கல் நகரக் கூடாது. ஊரில் சொல்லி வையுங்கள். தலையை ஆட்டினால் போதாது, வாயால் சொல்லுங்கள்.

ஸ்டாப் வந்துவிட்டது. மெதுவாக. முதலில் முட்டை இறங்கட்டும், பிறகு நீங்கள் இறங்குங்கள். நான் பஞ்சோடு வருகிறேன். ஆமாம், இந்தப் பச்சைக் கேட்தான். உள்ளே வாருங்கள், குட்டைமேட்டுக் குளக்கரைச் சந்தின் அகலம் பற்றி உங்களிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

என்ன கேட்டீர்கள்? அம்மா வீட்டில் இருக்கிறார்களா என்றா?

இருப்பாள், இன்றைக்கு லீவுதானே. ஆனால் அவளைப் பார்த்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அவளுக்கு அளவும் தெரியாது, வரைபடமும் தெரியாது. அதெல்லாம் என்னிடம்தான் கேட்க வேண்டும்.

ஓ, முட்டை அவளுக்கா? ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்தனுப்பியதா? எதற்கு?

சரி, நீங்கள் சொல்ல வேண்டாம். முட்டையை அவளிடமே கொடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டை எனக்குத்தானே?